பீச்சாங்கை

அரியலூர்க் கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அமிர்தவல்லிக்குப் பெருமை பிடிபடவில்லை. பட்டணத்து ஆஸ்பத்திரியில் அவள் படிப்பது புதுப் படிப்பு. சண்டையில் கைகால் போன சிப்பாய்களுக்கு உண்ணவும் உடுத்தவும் மறுபடி பழக்கிக் கொடுக்க வேண்டும்.

“வேற படிப்பா இல்ல? இதைப் போயி ஏம்மா எடுத்தே?” என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன்.

“எங்க அண்ணனுக்காகத்தாங்க,” என்று அடுத்த இலையில் உட்கார்ந்திருந்தவனைக் காட்டினாள்.

பர்மா சண்டையில் வலது கையைப் பறிகொடுத்த தங்கசாமி அப்போதுதான் இடது கையால் சோற்றைப் பிசைந்தான்.

“கருமம்! பீச்சாங்கையாலயா திங்கிறான்?” என்று முகத்தைச் சுளித்தார் தாய்மாமன்.

அமிர்தவல்லிக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. ரச வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அண்ணன் கையை இலையிலிருந்து தள்ளிவிட்டு, தானே ஒரு கவளம் உருட்டி அவன் வாயருகே நீட்டினாள்.

“தங்கச்சின்னா இப்புடில்ல இருக்கணும்!” என்று பந்தியே மெச்சியது.

தங்கசாமி கவளத்தை வாங்கவில்லை. அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: “போன லீவுல இந்தக் கையால திங்கப் பழக்கிவுட்டதே நீதான, தாயி?”

தன் வலது கையை எங்கே ஒளிப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.