ஆறாவது பாட்டு

1991 நவம்பர் ஒன்பது, சனிக்கிழமை, மாலை நாலு பத்து. மலைப்பக்கம் இறங்கிய மழை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவதற்குள் தூறலாகத் தேய்ந்திருந்தது. கிருபாபாய் கேசட்டை மூன்றாம் முறையாகப் பின்னுக்கு ஓட்டினாள்.

பாடியவர் அவளுடைய அக்காள் கணவர் தவசிமுத்து. நாற்பது ஆண்டுகளாகக் கன்வென்ஷன் ஜெபக்கூட்ட மேடைகளுக்குப் பாட்டுக் கட்டியவர். இதுவரை கர்த்தரை மட்டுமே பாடியவர், இந்தக் கேசட்டின் எட்டுப் பாட்டையும் இறந்துபோன மனைவி ஞானபாக்கியத்துக்குக் கட்டியிருந்தார். சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையில் கேசட் விற்க வேண்டுமானால், பாட்டுகளைக் கேட்டு ஒருவர் ஒப்புதல் எழுதித் தர வேண்டும். தமிழாசிரியை என்பதால் சபை அந்த வேலையை அவளிடம் விட்டிருந்தது.

ஐந்து பாட்டுகளில் அவளால் குறை காண முடியவில்லை. அக்காள் கீரை ஆய்கிற விரல்கள், கோபம் வந்தால் சொம்பை வைக்கிற ஓசை, எல்லாம் இருந்தன. ஆறாவதில் ஆர்மோனியம் இல்லை. வெறுங்குரலில் தன் கதையையே பாடியிருந்தார். ராஜபாளையத்து மேடையில் பாடிக்கொண்டிருந்தபோது, மனைவிக்கு ஆபத்து, உடனே வரவும் என்று சீட்டு வந்ததாம். வாசித்தாராம். வாசித்துவிட்டு இன்னும் இரண்டு பாட்டுப் பாடினாராம்.

சீட்டு எழுதி அனுப்பியவள் கிருபாபாய். அது அவர் கைக்குச் சேரவே இல்லை என்று ஒன்பது ஆண்டுகளாக நம்பியிருந்தாள். அரை மணி நேர பஸ் தூரம். அக்காள் கண் மூடும்வரை கதவையே பார்த்துக் கிடந்தாள். கிருபாபாய் கேசட்டை நிறுத்தினாள். பாட்டு நன்றாக இருந்ததுதான் இன்னும் பொறுக்க முடியாததாக இருந்தது. தனக்குச் சாதகமாக ஒரு சொல்லைக்கூட அந்த மனிதர் போட்டுக்கொள்ளவில்லை.

ஐந்து மணிக்குச் சபைச் செயலர் சோலைராஜ், தவசிமுத்துவையும் கூட்டிக்கொண்டு வந்தார். மற்ற ஏழும் தேன் என்றார். ஆறாவதைக் கேட்டால் ஜெபக்கூட்டமே ஓர் உயிரைக் குடித்த மாதிரி இருக்கிறது, அதை மட்டும் எடுத்துவிடலாம் என்றார்.

"நீயும் வெட்டச் சொன்னா வெட்டிருதேன் கிருபா," என்றார் தவசிமுத்து, தரையைப் பார்த்தபடி.

"சீட்டு கெடைக்கலைன்னு எங்கிட்டச் சொன்னியளே அத்தான். எந்த வாயால சொன்னிய?"

"இந்த வாயாலதான்."

"இப்ப மட்டும் என்னத்துக்குப் பாடுதிய?"

"சொல்ல வரல. பாடத்தான் வந்துச்சு."

சமாதானமாகப் போகலாம் டீச்சர் என்று சோலைராஜ் தொடங்கினார். செத்த நேரம் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு அவள் பேனாவைத் திறந்தாள். 'எட்டுப் பாட்டும் உள்ளபடியே வெளிவரலாம். ஆறாவதில் ஓர் எழுத்தும் நீக்கக் கூடாது.' கையெழுத்திட்டுத் தேதியும் போட்டாள்.

சோலைராஜ் கை நீட்டினார். அவள் அவரைக் கடந்து தவசிமுத்துவிடம் நீட்டினாள்.

"மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதிய. அம்புட்டுப் பேரும் கேக்கட்டும்."

அவர் இரண்டு கைகளாலும் வாங்கினார். தாளின் மறுமுனையை அவள் உடனே விடவில்லை.