ஈரத்தில் அவிழும் கட்டை

நீர் பட்ட இடத்தில் கட்டை மெல்ல வாய் பிளக்கிறது, விளிம்பு உப்பி, வளையம் வளையமாகக் கழன்று, கையிலெடுத்தால் வெறும் ஈரத்தூள், நேற்றைய மழை கொட்டகைக்குள் புகுந்ததில் ஒரு வரிசை முழுக்க இப்படிப் போய்விட்டதென்று என் வீட்டுக்காரர் நல்லசிவம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார், என் விரல்களில் அந்தத் தூள், இவை கல்யாண மஞ்சள் காயாத விரல்களோ, இது எங்கள் கொட்டகையா, என் கல்யாணம் நடந்த கோபி மண்டபத்துச் சமையற்கட்டா, ஒரு கணம் தெரியவில்லை, விறகுக்கடைக்காரர் மகள் நான், மரத்தூளையும் கடலைத்தோலையும் மெஷினில் அழுத்தி பிரிக்கெட் கட்டை செய்கிறவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றேன், குப்பையை உருட்டி விக்கறவனுக்கா உன்னைக் குடுக்கச் சொல்றே கண்ணு என்று அப்பா சிரித்தார், அவர் பிடிவாதம்தானே எனக்கும், கல்யாணச் சோறே அந்தக் குப்பையிலதான் வேகுங்கப்பா என்றேன், சரி, அடுப்பு அணைஞ்சு என் வெறகு எறங்குச்சுன்னா கல்யாணமும் நின்னுது, சம்மதமா என்றார், சம்மதமுங்க.

அணைந்தே போகிறது அடுப்பு, முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால், சமையல் மாரப்பண்ணன் காலமெல்லாம் எங்கள் கடை விறகில் சமைத்தவர், தீ மிஞ்சினால் ஒரு கை தண்ணீர் தெளித்து அடக்குவது அவர் பழக்கம், அதே பழக்கத்தில் சொம்பைச் சாய்த்துவிட்டார், விறகென்றால் உஸ்ஸென்று அடங்கி மறுபடி எரியும், இவை உப்பின, உடைந்தன, சாம்பலோடு சேறாகிக் கிடந்தன, அய்யோ அம்மிணி, தெரியாமப் பண்ணிப்போட்டேனே என்று கையைப் பிசைகிறார், நல்லசிவம் மாலையோடு வாசலில் வெளுத்து நிற்கிறார், அப்பா தோள்துண்டை மாற்றிப் போட்டுக்கொண்டு, லாரி வெளியதான் நிக்குது, ரெண்டு புளியங்கட்டை எறக்கட்டுமா என்கிறார், இறக்கினால் சோறு வெந்துவிடும், எனக்கு மட்டும் கல்யாணமில்லை, வேண்டாங்கப்பா, பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பின்முன் குந்துகிறேன், தாலி ஏறாத பொண்ணு கரியைத் தொடலாமாடி என்று அத்தை அலறுகிறாள், அந்தத் தாலிக்குத்தானுங்க அத்தை தொடறேன், சேற்றை வழித்தெறிந்து, தீ சட்டெனப் பற்றத் தேங்காய்த் தொட்டிகளை அடுக்கி, மூட்டையிலிருந்த காய்ந்த கட்டைகளைக் காற்றுப் போக இடைவிட்டு மேலே வைத்து ஊதுகிறேன், புகை கண்ணைக் கரிக்கிறது, அழுகிறாள் என்று எவரும் சொல்லிவிடக் கூடாதென்று இமைக்காமல் ஊதுகிறேன், பிடித்தது, புகையடங்கிச் சீராய் எரிந்தது, உலை தளதளவென்று கொதிக்க, மாரப்பண்ணன் கை பழக்கத்தில் மறுபடி சொம்பைத் தேட, அப்பாதான் குனிந்து சொம்போடு தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார், என் முகத்தைப் பார்க்காமலே, அடுப்புக்கு எட்டாத மூலையில் கொண்டுபோய் வைத்தார், கரிபூசிய கழுத்தில்தான் எனக்குத் தாலி ஏறியது.

அதே கையில் இதோ அதே ஈரத்தூள், எல்லாம் போச்சே என்கிறார் நல்லசிவம், என்னங்க போச்சு, எந்திரிங்க, வெயில் வந்துருச்சு, தார்ப்பாயை விரிங்க, காஞ்சதும் மறுபடி மெஷின்ல போட்டா மறுபடி கட்டைதான், அப்பாவுக்கே அசராதவ மழைக்கா அசருவேன் என்று முறத்தில் அள்ளுகிறேன், ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்து இறுக்குகிறேன், விரல்களைத் திறந்தால், என் ரேகை பதிந்து, உடையாமல் நிற்கிறது.