பாதியில் நிற்கும் அப்லோடு

"இந்த அப்லோடு பிரச்சினையை முடிச்சுக் குடும்மா, மறுநாளே உன் டிரான்ஸ்ஃபர்ல கையெழுத்துப் போடறேன்" என்று மேனேஜர் சொன்னபோது நானும் தலையாட்டித் தொலைத்தேன். என் கணவரும் மகளும் வேறு ஊரில். நான் ஜன்னல் திறக்காத ஒரு கண்ணாடி அறையில் திரையை முறைத்துக்கொண்டிருந்தேன்.

கோப்புகளைப் பூட்டிப் பத்திரமாக அனுப்பும் நிரல் தொகுப்பு, எங்கள் பாஷையில் லைப்ரரி, நான் எழுதியது. கோப்பு ஒரு பக்கம் போய்க்கொண்டே இருக்கும், மற்ற வேலைகள் அதற்காகக் காத்து நிற்காது. அப்படித்தான் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன். இதே ஊரில் எங்கள் வாடிக்கையாளரான ஸ்கேன் சென்டரில் அது பாதி வழியில் அப்படியே நின்றது. பிழைச் செய்தியாவது வந்ததா? மூச்சு இல்லை. என் மேஜையிலிருந்து அனுப்பினால் மட்டும் சமர்த்தாகப் போனது. எரிச்சலில் மவுஸை உடைத்திருப்பேன், அதுவும் ஆபீஸ் சொத்து.

மகள் தினமும் போனில் கேட்பாள்.

"அம்மா, சரியாயிடுச்சா?"

"இன்னும் இல்லடி தங்கம்."

"உனக்கு அந்த வேலையே தெரியாதா?"

பின்னால் அவள் அப்பா சிரிப்பது கேட்கும். எனக்கு அழுகை முட்டும்.

கடைசியில் ஸ்கேன் சென்டரிலிருந்தே ஒரு முழுக் கோப்பைக் கேட்டு வாங்கி அனுப்பிப் பார்த்தேன். நின்றது! நாங்கள் அதுவரை சோதித்ததெல்லாம் பொடிப்பொடிக் கோப்புகள். பெரிய கோப்பு என்றால், நடுவில் அதை வாங்கிக்கொள்ளும் சர்வர் 'பூட்டின் சாவியை மாற்றிக்கொள்வோம்' என்று ஒரு செய்தி அனுப்புகிறது. பதில் வரும்வரை எதையும் வாங்காது. என் லைப்ரரியோ 'அனுப்பலாமா, அனுப்பலாமா' என்று மட்டும் கேட்டுக்கொண்டு நிற்கிறது, வந்த செய்தியைப் படிக்கவே இல்லை. இரண்டு பக்கமும் இப்படி வீம்பு பிடித்தால் யார் நகர்வது? முதலில் படி, பிறகு அனுப்பு என்று திருத்தினேன். கோப்பு முழுதாகப் போய்ச் சேர்ந்தது.

மேனேஜர் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"அசத்திட்டம்மா! ஸ்கேன் சென்டர்காரங்க இன்னும் மூணு வருஷத்துக்கு நம்மகிட்டயே இருக்காங்களாம்."

"என் டிரான்ஸ்ஃபர், சார்?"

"அதத்தான் சொல்ல வந்தேன். கூப்பிட்டா நீதான் நேர்ல வரணும்னு ஒப்பந்தத்துல உன் பேரையே எழுதிட்டாங்க. எவ்வளவு பெரிய மரியாதை!"

மரியாதையாம். அப்போது பார்த்து மகளின் போன்.

"அம்மா, சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சுடி, ஆனா..."

"அப்பா! சரியாயிடுச்சாம்! அம்மா வரப்போறா!"

கட்டில் மேல் அவள் குதிக்கும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சிரைக்கப் போனுக்குத் திரும்பி வந்து கேட்டாள்: "எந்த பஸ்ஸும்மா?"