மரத்துக்குப் போட்ட குச்சிப் பாலம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் கண்ணால் பார்த்தது ஒரு மரத்தை மட்டும்தான். இடுப்புயரத்தில் சுற்றிலும் பட்டை போயிருந்தது; மேலே இலை பச்சைப்பசேலென்று இருந்தது. மெக்கானிக்கும் அவன் வீட்டாரும் என் கற்பனை. நான் பெரிய படிப்பாளி இல்லை. புத்தகத்தில் இருப்பதையெல்லாம் நம்புகிற ஆளும் இல்லை.

(‘அந்த மரம் ஒரு தாயைப்போல...’ என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். மரம் மரம்தான்.)

2

கடைப் பலகையை வாசல் மரத்தில் மாட்ட வேண்டும் மெக்கானிக்குக்கு. குழாயில் கிளாம்ப் போடுமுன் துருவைச் சுரண்டுகிற கைப்பழக்கத்தில், மரத்துப் பட்டையையும் உள்கட்டை வெள்ளையாகத் தெரியச் சுற்றிவரச் சுரண்டிவிட்டான். அந்த நிழலில்தான் அவன் மனைவி இஸ்திரி மேஜை போட்டிருக்கிறாள். நிழல் போனால் பிழைப்பும் போச்சு.

பள்ளியில் உயிரியல் பாடம் எடுக்கும் மருமகள் பார்த்தாள்.

“மாமா, மரத்தைப் பட்டினி போட்டுட்டீங்க.”

“இலை நல்லாத்தானேம்மா இருக்கு?”

“தண்ணி உள்கட்டை வழியா மேல போகுது. இலை சமைக்கிற சாப்பாடு பட்டை வழியாத்தான் வேருக்கு இறங்கணும். அந்த வழிய அறுத்துட்டீங்க. வேர் செத்தப்புறம்தான் இலைக்கே தெரியும்.”

“ஊர்ல வண்டியெல்லாம் தீந்துபோச்சுன்னு மரத்துல கை வெச்சாரு,” என்றாள் மனைவி.

3

மருமகள் சொன்னபடி அதே மரத்துக் குச்சிகளை ஒடித்தான். அறுந்த வழிக்குப் பாலமாக, காயத்துக்குக் கீழே ஒரு முனை, மேலே ஒரு முனை, பட்டைக்கடியில் செருகிக் கட்டினான்.

“தலைகீழா வெச்சிடாதீங்க மாமா.”

“குச்சிக்கு ஏதும்மா தலை?”

“மொட்டு பாக்குற பக்கம்.”

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே தாளைவிட மெல்லிய ஈரப் படலம் ஒன்று உண்டாம். உள்பக்கம் கட்டையும் வெளிப்பக்கம் பட்டையும் பெற்றுப்போடுவது அதுதானாம். புளுகு என்று நானே ஒரு கிளையைக் கீறிப் பார்த்தேன். விரலில் வழுவழுத்தது. மரத்தின் அவ்வளவு பருமனும் இந்த வழுவழுப்பிலிருந்தா? வாயைப் பிளந்து நின்றான் இதை எழுதுகிற கிழவன் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

4

முடிவு ஒன்று: மரம் பிழைத்தது, மனைவி சிரித்தபடி... (வேண்டாம். தித்திப்பு ஜாஸ்தி.)

முடிவு இரண்டு: மரம் பட்டு... (கை வரவில்லை.)

குச்சியில் தளிர் விட்டது. மெக்கானிக் துள்ளினான்.

“ஒடிச்ச குச்சியும் உள்ள இருக்கிற கைச்சேமிப்புல தளிர்க்கும் மாமா, அத வெச்சு ஒட்டிச்சுன்னு சொல்ல முடியாது,” என்றாள் மருமகள்.

“அப்ப ஒட்டிச்சான்னு அவுத்துப் பாத்துருவோமா?”

“இப்ப அவுத்தா ஒட்டினதும் பிஞ்சிடும்.”

கழற்றிப் பார்க்காமல் எதையும் நம்பாதவன் அவன். நானும் அப்படித்தான். முடிச்சில் விரலை வைத்தான்.

மனைவி இஸ்திரிப்பெட்டியைத் தூக்கினாள். “தொட்டுப் பாருங்க, அந்தக் கையத் தேச்சு மடிச்சு வெச்சிடறேன்!”

உள்ளே குச்சியின் படலமும் மரத்தின் படலமும் சேர்ந்தனவா? எழுதுகிற எனக்கே தெரியாது. தெரிந்தே ஆகவேண்டும் என்கிறவர் முடிச்சை அவிழ்த்து மேலே எழுதிக்கொள்ளுங்கள். நான் கை வைக்கமாட்டேன்.