சவுக்குத்தோப்புச் சூரனும் பதினான்காம் பக்கமும்

எங்கள் தெருவில் யார் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது வரை எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட எனக்கே, கொளஞ்சி படக்கதைப் புத்தகம் போடுகிற சங்கதி அது அச்சாகி வந்த பிறகுதான் தெரிந்தது. முத்தியால்பேட்டையில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன் அவன். மாதத்தில் பாதி நாள் வேலை இருக்காது. அந்த நாளெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு கட்டம் கட்டமாகப் படம் வரைந்திருக்கிறான். நாங்கள் தூங்குகிறான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம்.

புத்தகத்தின் பெயர் 'சவுக்குத்தோப்புச் சூரன்'. சூரனுக்குப் பெரிய மீசை, ஒரு குதிரை. எல்லை தாண்டிச் சாராயம் கடத்துகிறவர்களைப் பிடிப்பது அவன் வேலை. எழுபத்தொன்பதில் அந்தத் தொழிலுக்கு ஆள் பஞ்சமில்லை. அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு, இந்தப் பக்கம் நமக்குத் தெருவுக்கொரு சாராயக்கடை.

மாசிமகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்கு ஊர் ஊராகச் சாமிகள் வந்து தீர்த்தவாரி நடக்கும். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் பல்லக்குகள் வரும். அந்தக் கூட்டத்தில், வளையல் கடைக்கும் பொரிக்கடைக்கும் நடுவில் ஒரு பெஞ்சைப் போட்டுக் கொளஞ்சி புத்தகத்தை அடுக்கினான். அவன் பெண்டாட்டி செல்வாம்பாள் முன்கூட்டியே கறாராகச் சொல்லியிருந்தாள். எல்லாம் விற்றுவிட்டால் அவன் பாட்டுக்கு வரையலாம். மிச்சம் இருந்தால் திங்கட்கிழமை பஞ்சாலையில் முதல் ஷிப்டு. அவள் அண்ணன் அங்கே இடம் சொல்லி வைத்திருந்தார். அதற்கப்புறம் பேனாவைத் தொடக்கூடாது.

என்னதான் ஆகிறதென்று பார்க்க, கடலாட வந்த சாக்கில் நானும் போய்ச் செல்வாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

வந்தவர்கள் எல்லாரும் புரட்டினார்கள். பொரி தின்ற கையோடு புரட்டினார்கள். ஒருத்தர் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நாலு பக்கம் படித்துவிட்டு, "நல்லாதான் வரைஞ்சிருக்கிற, சினிமாவுக்குப் போயேன்," என்று அறிவுரை சொல்லிவிட்டு நடந்தார். உச்சிவேளை ஆகிவிட்டது. ஒன்றுகூட விற்கவில்லை.

"மூஞ்சியக் கொஞ்சம் சிரிச்சாப்பல வையேன்டா. எழவுக்கு வந்தவன் மாதிரி நிக்கிற," என்றேன்.

"வரலக்கா," என்றான்.

முதலில் வாங்கியவர் ஏட்டு நாராயணசாமி. எல்லையில், கனகசெட்டிக்குளம் தாண்டினதும் இருக்கிற தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடியில் வேலை. சாயங்கால டியூட்டிக்கு முன்னால் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். "சாராயக் கதையா? நம்ம டிப்பார்ட்மெண்டாச்சே," என்று காசைக் கொடுத்துவிட்டு, வளையல் கடைப் பந்தலின் நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்.

அடுத்து வந்தவர் இராமதாஸ். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து சாமியைக் கூட்டி வந்தவர், அந்த ஊர் விழாவுக்குப் பெரிய தலை. நெற்றி நிறையச் சந்தனம். புத்தகத்தை எடுத்துப் புரட்டிக்கொண்டே போனவர் பதினான்காம் பக்கத்தில் நின்றார். அந்தப் பக்கத்தில், கடத்தல்காரர்கள் தீர்த்தவாரி முடிந்து ஊர் திரும்பும் சாமிப் பல்லக்கின் அடியில் பாட்டில்களை அடுக்கிப் பட்டுத்துணி போட்டு மூடுகிறார்கள்.

"யாரு சொன்னது உனக்கு?" குரல் தாழ்ந்திருந்தது.

"இன்னாது?"

"இது."

"யாரும் சொல்லல. நானா யோசிச்சது. செக்போஸ்ட்ல எல்லா வண்டியையும் குடையறாங்க. சாமிய மட்டும் கும்புட்டு அனுப்பிடறாங்க இல்ல?" கொளஞ்சிக்குப் பெருமை தாங்கவில்லை.

இராமதாஸ் திரும்பித் தன் பல்லக்கைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மற்ற பல்லக்குகளைச் சுற்றிப் பக்தர்கள் நின்றார்கள். அதைச் சுற்றி மட்டும் நாலு தடியன்கள் பல்லக்கோடு முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் புரிந்தது. என் முகத்தைப் பார்த்துச் செல்வாம்பாளுக்கும் புரிந்தது. கொளஞ்சிக்கு மட்டும் புரியவில்லை, பாராட்டுக்காக நின்றுகொண்டிருந்தான்.

"மொத்தத்தையும் காசு குடுத்து நானே எடுத்துக்கறேன்," என்றார் இராமதாஸ்.

"மொத்தமுமா? உங்க ஊர்ல அவ்ளோ பேரு படிப்பாங்களா?"

"படிக்கறதுக்கு இல்ல. கடல்ல போடறதுக்கு."

இப்போது கொளஞ்சிக்கும் புரிந்துவிட்டது. அவன் கை பெஞ்சைப் பிடித்துக்கொண்டது.

"இதுவரைக்கும் எத்தினி வித்த?"

"ஒண்ணு," என்று பந்தல் நிழலைக் காட்டினான். ஏட்டைப் பார்த்ததும் இராமதாஸின் சந்தனம் வியர்வையில் வழிய ஆரம்பித்தது.

"அதையும் வாங்கியா. எல்லாம் சேந்துதான் பேச்சு. வாங்கலன்னா, நீ எந்தத் தெருன்னு கேட்டுக்கிட்டு வர எங்களுக்கு ரொம்ப நேரம் ஆவாது."

"போங்க," என்று செல்வாம்பாள் அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

இங்கிருந்து காதுக்கு எட்டாதென்று நானும் வளையல் பார்க்கிற மாதிரி எழுந்து போனேன்.

"சார், அந்தப் புக்குல அச்சு சரியா உழல. குடுங்க, வேற தரேன்."

"இருய்யா. சூரன் தோப்புக்குள்ள பூந்துட்டான்." ஏட்டு தலையை நிமிர்த்தவில்லை.

நீட்டிய கை கீழே இறங்கியது. தன் புத்தகத்தை உட்கார்ந்து படிக்கிற ஒரு மனிதனை அன்றைக்குத்தான் பார்க்கிறான். பக்கத்தில் குந்திக்கொண்டு, "நல்லாருக்குதா சார்?" என்று கேட்கிறான். எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

பக்கம் திரும்பியது. பல்லக்கருகே தடியன்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். இன்னொரு பக்கம் திரும்பியது. ஏட்டு நிறுத்தினார், மறுபடி படித்தார், பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"பல்லக்குல பாட்டிலா? நல்லா உட்ட போ. அதுவரைக்கும் நம்பற மாதிரிதான் போய்க்கிட்டிருந்துது. சாமி தூக்கறவன் எவன்யா இதப் பண்ணுவான்? நடக்கவே நடக்காது."

ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

"ஏன் சார் நடக்காது?" என்றான் கொளஞ்சி. காதெல்லாம் சிவந்துவிட்டது. "அடியில எவ்ளோ எடம் இருக்குது தெரியுமா? மேல பூவு, துணி. எவன் கைய உடுவான்? நீங்களே உடுவீங்களா?"

பின்னாலிருந்து ஒரு கை அவன் தோளில் விழுந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் மாமன் மச்சான் என்று நினைப்பார்கள். விரல்கள் சட்டைக்குள் புதைவதை நான் பார்த்தேன்.

"வாய்யா இராமதாஸு, நீயே சொல்லு," என்றார் ஏட்டு. "உன் பல்லக்குல ஏத்துவியா?"

"அபச்சாரம் ஏட்டய்யா. எழுதனவரையே கேளுங்க."

கொளஞ்சி தோளிலிருந்த கையைப் பார்த்தான். ஏட்டின் மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தான்.

"கப்சாதான் சார்," என்றான்.

"அப்புடிச் சொல்லு." ஏட்டு புத்தகத்தைப் பைக்குள் செருகிக்கொண்டு பொரிக்கடைப் பக்கம் போனார்.

பெஞ்சுக்குத் திரும்பியதும் இராமதாஸ் கயிற்றை எடுத்துப் போட்டார். "கட்டு."

கொளஞ்சி அடுக்கின் மேல் இரண்டு கையையும் ஊன்றினான். "குடுக்கல."

"இன்னாது?"

"கப்சான்னு என் வாயாலயே சொல்லியாச்சு. உங்க வேல முடிஞ்சுது. இனிமே யாரு படிச்சாலும் சிரிச்சிட்டுப் போவாங்க. இது கடலுக்கு வேணாம்."

செல்வாம்பாள் அவனையே பார்த்தாள். "மிச்சம் இருந்தா மில்லு. நெனப்பு இருக்குதில்ல?"

"இருக்குது."

இராமதாஸின் முஷ்டி இறுகியது. ஆனால் பொரிக்கடையில் ஏட்டு கடைக்காரனிடம் பல்லக்குக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு காதில் விழுகிற தூரத்தில் நின்றுகொண்டு யாரை அடிப்பது? கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார். கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார்.

"கடைசில அந்தச் சூரன் அவங்களப் புடிச்சிடறானா?"

"வாங்கிப் படிங்க," என்றான் கொளஞ்சி.

வாங்கினார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். இராமதாஸ் ஊர்ச் சாமி மட்டும் அன்றைக்குக் கிளம்பவில்லை, நேரம் சரியில்லையாம்.

ஏட்டின் சிரிப்பைக் கேட்டு, 'எது அந்தக் கப்சா புக்கு' என்று கொஞ்சம் பேர் வந்து வாங்கத்தான் செய்தார்கள். ஆனாலும் பொழுது சாயும்போது பெஞ்சில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை மில் சங்கு ஊதியது. கொளஞ்சி சோற்றுத் தூக்கோடு வெளியே வந்தான்.

"அந்தாளுக்கே குடுத்திருக்கலாமேடா. இன்னிக்கு நிம்மதியா உக்காந்து வரைஞ்சிருப்ப," என்றேன்.

"ஷிப்டுக்கு நேரமாச்சுக்கா," என்று போய்விட்டான்.

செல்வாம்பாள் வாசலில் நின்று, அவன் தெருமுனை திரும்பும் வரை பார்த்தாள். பிறகு உள்ளே போய், மிச்சமிருந்த கட்டைப் பிரித்து, ஒரு புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். என் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்திவிட்டாள்.