ஓடக்காரனின் வலு

கணவர் பிரசன்னா இறந்து ஐந்து மாதம் கழித்து, அவருடைய ஓடக்காரனை நான் ஆடினேன்.

காகிதத்தில் ஓர் ஆளை எழுதி, அவனாகவே பேசி, மோதல் வந்தால் பகடை உருட்டித் தீர்க்கும் விளையாட்டு அது. ஞாயிறு சர்ச் முடிந்ததும் பொழிச்சலூரில் எங்கள் சாப்பாட்டு மேசையில் நடக்கும். ஓடக்காரன் பெயர் துலுக்காணம். வலு இரண்டு, ஆற்றறிவு எட்டு. எல்லாம் என் கணவரின் சாய்ந்த கையெழுத்தில். ஓடக்காரன் செத்தால் தாளைக் கிழித்துவிட வேண்டும். அதை வேறு யார் கையிலும் கொடுக்க மனமில்லாமல்தான் உட்கார்ந்தேன்.

கதையை நடத்தியவன் அவருடைய அலுவலக நண்பன் ஜெபசீலன். அவன் கொண்டுவந்த கோட்டைக் காவலனுக்கு வலு ஒன்பது. காவலன் இடுப்பளவுத் தண்ணீரில் ஓடக்காரனின் கழுத்தைப் பிடித்து அமுக்கினான்.

"வலுவுக்கு வலுன்னா ஆள் காலி. ஆற்றறிவ வெச்சுப் போடுங்க சிஸ்டர்," என்றான் இன்னொரு நண்பன் ஜெரோம்.

"கழுத்த நெரிக்கறவன்கிட்ட ஆற்றறிவு என்ன பண்ணும்?" என்றான் ஜெபசீலன்.

அவன் மனைவி நித்யஸ்ரீ மேசைக்கடியில் அவன் காலை உதைத்தது எனக்கே தெரிந்தது. "உனக்கு மூளை இருக்கா? தப்பிச்சுட்டான்னு சொல்லிட்டுப் போயேன்."

"பிரசன்னா போட்ட ரூல். வேற வேற திறமை மோதினா, எப்படின்னு சொல்லணும். தோத்தா என்ன போகும்னும் சொல்லணும். அப்புறம்தான் பகடை."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. காது மடல் சிவந்திருந்தது.

அப்போது பக்கத்து விமான நிலையத்துக்கு ஒரு விமானம் தலைக்கு மேல் இறங்கியது. எங்கள் தெருவில் அந்த இருபது விநாடி யாரும் பேசுவதில்லை. டம்ளரில் தண்ணீர் நடுங்கியது.

ஐந்து மாதமாக எல்லோரும் எனக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பேங்க் வரிசையில், சர்ச்சில், பிளாட் கூட்டத்தில். இங்கேயும் வாய் மூடி இருந்தால் தாள் பிழைக்கும். பிரசன்னா அப்படி யாரையும் விட்டதில்லை. அவர் கதை நடத்தியபோது, நான் எழுதிய முதல் ஆளை மூன்றாம் வாரமே கொன்றார். சமைக்க மாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். படப்பை வரை போய் பிரியாணி வாங்கி வந்தார். ஆளை மட்டும் திருப்பித் தரவில்லை.

சத்தம் அடங்கியது.

"நான் அவன் கைய விலக்கல. அவனையும் இழுத்துக்கிட்டு இன்னும் ஆழத்துக்குப் போறேன். அங்க சுழல் இருக்கு. எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது."

"தோத்தா?"

"ஓடக்காரன் மேல வர மாட்டான்."

"வேணாம் சிஸ்டர்," என்றான் ஜெரோம்.

"செல்லும்," என்றான் ஜெபசீலன். எல்லோரும் பார்க்க உருட்டினான். நான்கு. "ஒன்பதோட பதிமூணு."

சமம் வந்தால் பிடித்திருப்பவனுக்கே வெற்றி. அதுவும் பிரசன்னாவின் விதிதான். என் எட்டோடு ஆறு விழ வேண்டும்.

பகடையை எடுத்து உருட்டினேன். ஊறுகாய்க் கிண்ணம் வரை ஓடி நின்றது.

ஐந்து.

"கிண்ணத்துல இடிச்சுது! திரும்பப் போடு," என்றாள் நித்யஸ்ரீ.

"இடிக்கல. நான் பார்த்தேன்," என்றேன்.

தாளை நானே கிழித்தேன். நடுவில் ஒரே கோடாக, அவர் கிழிப்பது போல. காவலன் கரையேறுகிறான் என்று ஜெபசீலன் சொல்ல வேண்டும். அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"புதுத் தாள் ஒண்ணு கொடு," என்றேன்.

பென்சிலை எடுத்தான். "வலு எவ்வளவு போடட்டும்?"

"ரெண்டு."