காது வரைக்கும்

மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறையில் உட்கார்ந்து லிப்ட் மெக்கானிக் ஆப்பிளைக் கடித்தார். எதிரே கருவிப்பெட்டியின் மேல் நெட்டையன், நீட்ட இடமில்லாத கால்களை மடக்கிக்கொண்டு இன்னொரு ஆப்பிளைத் தின்றுகொண்டிருந்தான். இருவரும் ஒரே கம்பெனியில் ஒன்றாகச் சேர்ந்து ஒன்றாகத் தலை நரைத்தவர்கள். ஐந்தாவது மாடியில் மட்டும் கதவைத் திறக்க மாட்டேன் என்று காலையிலிருந்து அடம்பிடித்த லிப்டை ஒருவழியாக வழிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பாதி ஆப்பிள் உள்ளே போனதும் மெக்கானிக் வழக்கம்போலச் சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டுக் குடைந்தார். விரல் எட்டாத இடத்தில் அரித்தது. நாக்கை அண்ணத்தில் அழுத்தி, தொண்டைக்குள்ளிருந்து 'க்ரக், க்ரக்' என்று சத்தம் எழுப்பினார். அப்படிச் செய்தால் உள்காதைச் சொறிந்துவிட்ட மாதிரி சுகமாக இருக்கும்.

"என்னடா அது, தவளை மாதிரி?" என்றான் நெட்டையன்.

"காது அரிக்குது மச்சான். ஆப்பிள் தின்னா அரிக்கும்ல."

"யாருக்கு?"

"யாருக்குன்னா? எல்லாருக்கும்தான்."

நெட்டையன் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கையில் இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எனக்கு அரிக்கலையே."

"லேசா அரிச்சிருக்கும். நீ கவனிச்சிருக்க மாட்டே."

"அடேய், வாயில போற ஆப்பிளுக்குக் காதுல என்னடா வேலை?"

மெக்கானிக் சிரித்தார். நெட்டையன் சிரிக்கவில்லை. அதுதான் உறைத்தது. எதற்கெடுத்தாலும் கேலி பண்ணுகிறவன், கேலி பண்ண வேண்டிய நேரத்தில் தன்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறானே என்று இருந்தது. கட்டடத்துக் காவலாளி கையெழுத்து வாங்க மேலே ஏறி வந்தபோது அவரிடமும் கேட்டுப் பார்த்தார். "ஏங்க, ஆப்பிள், பேரிக்காய் தின்னா உங்களுக்குக் காது அரிக்கும்தானே?" காவலாளி இதில் ஏதோ வம்பு இருக்கிறது என்று நினைத்து, பொதுவாக ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டுக் கையெழுத்தோடு இறங்கிப் போய்விட்டார்.

செருப்புக் கடையில் வேலை பார்க்கும் மனைவிக்குப் போன் போட்டார். பின்னணியில் யாரோ ஒரு சைஸ் பெரிய செருப்பு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆப்பிள் தின்னா உனக்குக் காது அரிக்குமா?"

"என்னங்க, வேலை நேரத்துல விளையாட்டு?"

"அரிக்குமா, அரிக்காதா? அத மட்டும் சொல்லு."

"அரிக்காது. உங்களுக்கு அரிக்குதா?"

"எப்பவும் அரிக்கும்."

"எப்பவுமா? இத்தன வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னதில்லையே!"

"நீயும்தான் சொன்னதில்ல."

"எனக்குத்தான் அரிக்கலையே! அரிக்கலைன்னு யாராவது வந்து சொல்லுவாங்களா?" என்றவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "அப்ப அந்தத் தொண்டைச் சத்தம்? நீங்களும் பாப்பாவும் எதிரெதிரா உட்கார்ந்து போடுவீங்களே. அது அப்பனும் மகளும் விளையாடறதுன்னுல்ல நினைச்சேன்."

மெக்கானிக் மீதி ஆப்பிளைக் கீழே வைத்தார். ஆமாம், பாப்பா. பழத்தட்டைக் கண்டாலே முகத்தைச் சுளித்துக்கொண்டு, 'காது அரிக்குதுப்பா' என்று தள்ளிவிட்ட குழந்தை. அவர்தான் ஒவ்வொரு துண்டாக ஊட்டி, 'எல்லாருக்கும் அரிக்கும்டா கண்ணு, அதுக்காகத் திங்காம இருக்கோமா?' என்று பழக்கினார். அவருடைய அப்பா அவருக்குச் சொன்னதும் அதுவேதான். லாரி ஓட்டிய மனிதர். சாவியின் முனையால் காதைக் குடைந்தபடி, 'நல்ல பழம்னா காது வரைக்கும் ருசிக்கணும்டா' என்பார். அந்த வயதில் அதைவிடப் பெரிய உண்மை வேறு எதுவும் இருந்ததாக நினைவில்லை. தூரத்து நகரத்தில் பிறந்தவர்களுக்கும், டிவியில் செய்தி வாசிக்கிறவர்களுக்கும், ஆப்பிள் தின்கிற ஒவ்வொருவருக்கும் காது அரித்துக்கொண்டுதான் இருக்கும் என்று நம்பியே தலை நரைத்துவிட்டது.

மகள் கல்லூரி விடுதியில் இருந்தாள். வேனில் போனால் ஒரு மணி நேரத் தூரம். அன்று வகுப்பு இல்லையாம், அறையில் தனியாகத்தான் இருந்தாள். போனை எடுத்தவுடன் வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசினாள்.

"சொல்லுப்பா. என்ன அதிசயமா பகல்ல?"

"பாப்பா, உனக்கு இப்பவும் ஆப்பிள் தின்னா காது அரிக்குதா?"

"அரிக்கும். ஏம்ப்பா? இப்பக்கூட அரிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. இது வால்நட் கேக். ரூம்மேட்டோட அம்மா செஞ்சு அனுப்பியிருக்காங்க. வால்நட்னா மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. உதடு தடிச்சிடும், தொண்டையில ஏதோ மாட்டுன மாதிரி இருக்கும். போன தடவை மூச்சுகூட ஒரு மாதிரி இழுத்துச்சு. கொஞ்ச நேரத்துல தானா போயிடும். எல்லாருக்கும் அப்படித்தானேப்பா?"

அவருடைய வார்த்தை, அவருடைய தொனியிலேயே, எந்தக் குறையும் இல்லாமல் திரும்பி வந்திருந்தது.

"துப்பு," என்றார். "வாயில இருக்கிறத முதல்ல துப்பு."

"ஏம்ப்பா?"

அந்த 'ப்பா' சரியாக விழவில்லை. உதடு இரண்டும் சேராத மாதிரி வந்தது. அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"கதவத் திற. வராண்டாவுக்குப் போ. யார் இருந்தாலும் கூப்பிடு. போன வைக்காத பாப்பா, வைக்காத."

செருப்புத் தேயும் சத்தம் கேட்டது. இருமல். கதவுத் தாழ்ப்பாள். மறுபடி இருமல், அதற்கு நடுவில் மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு கீச்சு. யாரோ ஒரு பெண், "ஐயோ, உன் மூஞ்சிக்கு என்ன ஆச்சு?" என்று அலறினாள். பிறகு போன் தரையில் விழுந்த சத்தம், பல கால்கள் ஓடும் சத்தம், அதன் பிறகு ஒன்றுமில்லை. தொடர்பு அறுபடவில்லை. ஆளில்லாத வராண்டாவில் எங்கோ ஒரு குழாய் சொட்டுவது மட்டும் அவர் காதுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

நெட்டையன் தன் போனை எடுத்து பாப்பாவைச் சேர்த்த அன்று வாங்கி வைத்திருந்த நம்பரில் விடுதி அலுவலகத்தைப் பிடித்து, "இரண்டாவது மாடியில ஒரு பொண்ணுக்கு மூச்சு முட்டுது, ஓடுங்க!" என்று கத்தினான். பிறகு மெக்கானிக்கின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு கம்பெனி வேனுக்கு வந்தான். வழியெல்லாம் அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. நெட்டையன் ஒருமுறை, "அத வச்சிட்டு வேற நம்பருக்குப் போடுடா" என்றான். அவர் தலையை மட்டும் ஆட்டினார். வைத்தால் அறுந்துவிடும். பாதி வழியில் யாரோ அந்தப் போனைத் தரையிலிருந்து எடுத்தார்கள். "அப்பாவா பேசறீங்க? நான் வார்டன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க சார், பக்கத்துலதான். நேரா அங்க வந்திடுங்க."

உயிரோடு இருக்கிறாளா என்று அவர் கேட்கவில்லை. அந்த அம்மாவும் தானாகச் சொல்லவில்லை. மிச்ச வழி அப்படியே போனது.

இருந்தாள். தொடையில் ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்து, தலையை உயர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். உதடு யாரிடமோ இரவல் வாங்கியது போலிருந்தது. கண்ணிமைகள் வீங்கி, பிறந்த அன்று துணியில் சுற்றிக் கொடுத்தபோது இருந்த முகம் வந்திருந்தது. அப்பாவைப் பார்த்ததும் சிரிக்க முயன்றாள்.

இளவயது டாக்டரம்மா, கட்டிலின் கால்மாட்டில் நின்று கேள்வி கேட்டார். "காது அரிக்கறது எப்ப இருந்து?"

"சின்ன வயசுல இருந்தே," என்றாள் மகள், கரகரத்த குரலில். "எல்லாருக்கும் அரிக்கும்னு அப்பா..." அங்கேயே நிறுத்திக்கொண்டு போர்வையைச் சரிசெய்தாள்.

"எல்லாருக்கும் அரிக்காது," என்றார் டாக்டர். குரலில் கண்டிப்பு இல்லை. "அது உடம்பு ஒத்துக்கலைன்னு சொல்றது. சிலருக்குக் காதோட நின்னுடும். சிலருக்கு இப்படி ஆகும். உங்களுக்கும் உண்டா?"

"உண்டு. ஆப்பிள், பேரிக்காய். வால்நட் தின்னதில்ல."

"இனிமேலும் வேண்டாம். உங்களையும் சோதிக்கணும். வீட்ல வேற யாருக்காவது?"

"எங்கப்பாவுக்கு."

"இப்ப எப்படி இருக்கார்?"

"இல்லைங்க. நான் பள்ளிக்கூடம் படிக்கறப்பவே போயிட்டார். ஒரு கல்யாணத்துல சாப்பிட்டு எழுந்தவர், கை கழுவப் போன இடத்துல விழுந்துட்டார். மாரடைப்பு."

"டாக்டர் பார்த்துச் சொன்னாங்களா?"

"அங்க இருந்தவங்க சொன்னாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். இப்படிப் பிடிச்சுக்கிட்டு..."

காட்டுவதற்காகக் கையை உயர்த்தினார். ஆயிரம் தடவை சொன்ன கதை. ஒவ்வொரு தடவையும் 'நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு' என்றுதான் சொல்லியிருக்கிறார். இன்று வார்த்தை வருவதற்கு முன்னால் கை போய்விட்டது. நெஞ்சில் நிற்கவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார். மகளும் பார்த்தாள். "இப்ப அத எதுவும் சொல்ல முடியாது," என்று டாக்டர் மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மெக்கானிக்கிற்குக் கையைக் கீழே இறக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மாலையில் மனைவி கடைச் சீருடையோடு வந்து சேர்ந்தாள். புருஷனைத் தாண்டிப் போனாள். மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். வெளியே போய் நிற்கிறேன் என்று கிளம்பிய நெட்டையன் இன்னும் திரும்பவில்லை. வீக்கம் பாதி வடிந்திருந்தது. 'பசிக்குது' என்றாள் மகள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு நர்ஸ் ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தாள். ரொட்டி இரண்டு துண்டு, வேகவைத்த உருளைக்கிழங்கு, ஒரு கிண்ணத்தில் பால்.

"இதெல்லாம் நான் எப்பவும் சாப்பிடறதுதானே," என்றாள் மகள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை.

அவள் கிழங்கை ஸ்பூனால் ஒரு ஓரமாக உடைத்தாள். நகத்தளவு துண்டு. வாயில் வைத்து மெதுவாக மென்று, விழுங்கிவிட்டு, ஸ்பூனைப் பிடித்த கையை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். அம்மா அவளுடைய இடது காதையும் அப்பா வலது காதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.